கருப்பை உட்படலத்தை ஆய்வகத்தில் வளர்த்த வரலாறு

கருப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் மென்மையான திசு, கருப்பை உட்படலம் எனப்படும். மருத்துவர்கள் இதனை எண்டோமெட்ரியம் என்பர். மாதந்தோறும் வளர்வதும், கரு தங்காதபோது உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுவதும் இந்தப் படலமே. இதனைப் பெண்ணின் உடலுக்கு வெளியே, குருத்தணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கும் முறை 2017ஆம் ஆண்டில் நிலைபெற்றது. குருத்தணு என்பது ஸ்டெம் செல்லுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர். தன்னைப் போன்ற அணுக்களையும், வேறு வகை அணுக்களையும் உண்டாக்க வல்லது அது.

இந்த முயற்சி எப்படி வளர்ந்தது, அதில் நம் நாட்டுக்கு என்ன பங்கு, பல்லாயிரம் பெண்கள் வேலை செய்யும் திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதிக்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

உட்படலத்தின் அமைப்பு

உட்படலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. தசையை ஒட்டியிருப்பது அடியடுக்கு. அதன் மேல் இருப்பது செயலடுக்கு. மாதவிடாயில் செயலடுக்கு உதிர்கிறது, அடியடுக்கு தங்கிவிடுகிறது. அறுத்த நெல்லின் தாள் மீண்டும் துளிர்ப்பதைப் போல, அடியடுக்கிலிருந்து புதிய செயலடுக்கு எழும்புகிறது.

மாதவிடாய் முடிந்தவுடன் சில மில்லிமீட்டரே இருக்கும் படலம், இரண்டு வாரங்களில் 10 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிக்கிறது. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கிறது. பின்னர் புரோஜெஸ்டிரோன் அதைக் கருவை ஏற்கும் நிலைக்குப் பக்குவப்படுத்துகிறது. கரு வந்து பதியவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் குறைகிறது, படலம் உதிர்கிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறக்குறைய 400 முறை இது நிகழ்கிறது. கையில் ஓர் ஆழமான காயம் ஆறினால் தழும்பு நிற்கும். 400 முறை உதிர்ந்து வளர்ந்தும் ஆரோக்கியமான உட்படலத்தில் தழும்பு நிற்பதில்லை.

இவ்வளவு வியப்பான திசுவை அறிவியல் மிகத் தாமதமாகவே ஆராய்ந்தது. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் பயன்படும் சாதாரண எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மாதவிடாய் கிடையாது. பசுவுக்கும் நாய்க்கும் கிடையாது. பெண் நாயிடம் காணப்படும் இரத்தம் சினைப்பருவத்தைச் சேர்ந்தது. மனிதர், வாலில்லாக் குரங்குகள், பல குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு ஆகியவற்றுக்கு மட்டுமே மாதவிடாய் உண்டு. முள்ளெலி போன்ற மயிர்கொண்ட ஒரு வகைச் சுண்டெலிக்கும் அது உண்டு என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்ததே 2017இல்தான். ஆகவே, மனித உட்படலத்தை ஆராய அதற்கு ஈடான ஒரு மாதிரியை முதலில் தேட வேண்டியிருந்தது.

நுண்ணோக்கியின் காலம்

மாதவிடாய்க்கும் கருவுறுதலுக்கும் நாள் கணக்கு உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்திருத்தல் ஆகாது என்ற கருத்து தொல்காப்பியத்தின் கற்பியலில் உள்ளது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எந்த நாட்டாரும் கண்டதில்லை.

1908இல் வியன்னாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மான், லுட்விக் அட்லர் என்னும் இரு மருத்துவர்கள் இதில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தனர். நலமான பெண்களின் உட்படலத் துண்டுகளை மாதவிடாய் நாளோடு ஒப்பிட்டு நுண்ணோக்கியில் பார்த்தனர். அதுவரை மருத்துவர்கள் உட்படலத்தின் தடிப்பையும் வீக்கத்தையும் அழற்சி நோய் என்று எண்ணி, அதைச் சுரண்டி எடுத்து வந்தனர். அவற்றில் பெரும்பகுதி நோயே இல்லை, மாதந்தோறும் இயல்பாக வரும் மாற்றம் என்று இவர்கள் காட்டினர்.

1950இல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு துண்டுத் திசுவைப் பார்த்து அது சுழற்சியின் எந்த நாளைச் சேர்ந்தது என்று கணிக்கும் முறையை அது வகுத்தது. குழந்தைப்பேறு சிகிச்சையில் இம்முறை பல பத்தாண்டுகள் பயன்பட்டது.

இவை எல்லாம் நிழற்படம் போன்றவை. ஒரு கணத்தில் உறைந்த திசுவைக் காட்டும். அது எப்படி உதிர்கிறது, எப்படி வளர்கிறது என்பதைக் காட்டாது.

குரங்கின் கண்ணில் ஒரு சாளரம்

திசு உயிரோடு இயங்குவதைப் பார்க்க, மார்க்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி கண்டார். ரீசஸ் குரங்கின் உட்படலத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, அதே குரங்கின் கண்ணின் முன்னறையில் பதித்தார். கருவிழி கண்ணாடி போன்றது. அதன் வழியே, பதித்த துண்டு மாதந்தோறும் வளர்வதையும் இரத்தம் கசிவதையும் நேரில் பார்க்க முடிந்தது. உட்படலத்தின் சுருள் தமனிகள் முதலில் இறுகிச் சுருங்குகின்றன, பிறகே இரத்தப்போக்கு தொடங்குகிறது என்று 1940இல் அவர் வெளியிட்டார். மாதவிடாய் பற்றிய பாடநூல் விளக்கங்கள் இன்றும் அந்தக் குரங்குகளின் கண்களுக்குக் கடன்பட்டவை.

இந்தியாவில் இப்பணிக்குப் பயன்பட்டது தென்னிந்தியாவின் நாட்டுக்குரங்கு. நம் ஊர்க் கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் காணும் அதே குரங்குதான். இதற்கும் மாதவிடாய் உண்டு. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். மௌட்கல் குழுவினர் இனப்பெருக்க ஹார்மோன்களை இக்குரங்கில் ஆராய்ந்தனர். மும்பை பரேலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1970இல் தொடங்கப்பட்ட இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தில், உட்படலம் கருவை ஏற்கும் நிலை குறித்த ஆய்வுகள் இக்குரங்கைக் கொண்டு நடந்தன. குரங்கு ஆய்வுக்குச் செலவு அதிகம், நீண்ட காலம் பிடிக்கும், அறக்கேள்விகளும் உண்டு. அது மனிதருக்கு அருகில் இருந்தாலும் மனிதர் அல்ல.

வலியின் வேதியியல்

உதிர்ந்து வெளியேறும் மாதவிடாய்க் குருதியே ஆய்வுக்குரிய பொருள் என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த வி. ஆர். பிக்கில்ஸ். தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் அதில் இருப்பதாக 1957இல் அவர் அறிவித்தார். அது புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்று பின்னர் தெளிவாயிற்று. உட்படலம் உதிரும்போது இப்பொருள் வெளிப்பட்டுக் கருப்பைத் தசையை இறுக்குகிறது. பல பெண்களுக்கு வரும் மாதவிடாய் வயிற்றுவலிக்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இபுபுரோஃபென் போன்ற மாத்திரை மாதவிடாய் வலியைக் குறைப்பதும் இவ்வழியில்தான். திருப்பூர் பற்றிப் பேசும்போது இந்த மாத்திரை மீண்டும் வரும்.

கோவையில் ஒரு கால்பந்துக் கருப்பை

மாதிரி என்ற சொல்லின் பொருளை மாணவர்க்கு விளக்க, கொங்கு மண்டலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், பட்டறைத் தொழிலாளி. 1998இல் திருமணமான பிறகு, மனைவி பழைய துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, மலிவான நாப்கின் செய்ய முற்பட்டார். செய்ததைச் சோதித்துப் பார்க்கப் பெண்கள் கூச்சத்தால் முன்வரவில்லை.

எனவே தாமே சோதனைக்கு உட்பட்டார். கால்பந்தின் உள்ளிருக்கும் ரப்பர் பையில் துளையிட்டு, ஆட்டு இரத்தத்தை நிரப்பி, உடைக்குள் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊரார் அவரை மனநோயாளி என்றனர். மனைவியும் தாயும் சில காலம் அவரைப் பிரிந்தனர். பஞ்சு மட்டும் வைத்தால் இரத்தத்தைத் தேக்கிவைக்காது, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் வேண்டும் என்று அவர் கண்டறிய ஈராண்டுக்கு மேலாயிற்று. அவர் வடிவமைத்த எளிய இயந்திரம் 2006இல் தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த ரப்பர் பையும் ஒரு கருப்பை மாதிரிதான். கசியும் திரவத்தைத் துணி எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அது விடை தந்தது. ஏன் கசிகிறது, ஏன் வலிக்கிறது, ஏன் சிலருக்கு அளவு மீறுகிறது என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இராது. ஒவ்வொரு மாதிரியும் எந்தக் கேள்விக்காக உருவானதோ அந்தக் கேள்விக்கே விடை சொல்லும். மேலே கண்ட குரங்கின் கண்ணுக்கும், இனிக் காணப்போகும் குருத்தணுவுக்கும் இது பொருந்தும்.

குருத்தணுவைத் தேடி

மாதந்தோறும் புதிதாக வளரும் திசுவில் குருத்தணுக்கள் இருந்தே ஆக வேண்டும் என்று பிரியானிஷ்னிக்கோவ் என்னும் அறிவியலாளர் 1978இல் கருதினார். அப்போது அது ஓர் ஊகம். மெய்ப்பிக்க கால் நூற்றாண்டு ஆனது.

2004இல் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கரோலின் கார்கெட் குழுவினர், கருப்பை நீக்க அறுவை செய்துகொண்ட பெண்களின் திசுவிலிருந்து உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தனர். பெரும்பாலானவை பெருகவில்லை. மேற்பரப்பு அணுக்களில் 0.22 விழுக்காடும், அவற்றைத் தாங்கும் இணைப்புத்திசு அணுக்களில் 1.25 விழுக்காடும் தனி ஓர் அணுவிலிருந்து கூட்டமாகப் பெருகின. ஆயிரத்தில் இரண்டு, நூற்றில் ஒன்று என்ற இந்தச் சிறுபான்மையே மாதந்தோறும் படலத்தை மீட்கிறது என்பதற்கு இது முதல் வலுவான சான்று.

இக்குழுவின் பிற்காலப் பணி ஒன்று பின்னலாடை அறிந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு இடுப்புத்தளம் தளர்ந்து கருப்பை கீழிறங்கும். அதைத் தாங்கப் பாலிஅமைடு இழையால் பின்னிய வலை ஒன்றைச் செய்து, ஜெலட்டின் பூசி, அதன்மேல் உட்படலக் குருத்தணுக்களை விதைத்து விலங்குகளில் சோதித்தனர். பாலிஅமைடு என்பது நாம் நைலான் என்று அறிந்த இழைதான். திசு அந்த வலையை எப்படி ஏற்கிறது என்பதைக் குருத்தணுக்கள் நல்ல வகையில் மாற்றின.

2017: கூழ்த்துளிக்குள் வளர்ந்த சுரப்பி

இதற்கிடையே வேறொரு துறையில் ஒரு வழி திறந்தது. 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில், சுண்டெலிக் குடலின் ஒரே குருத்தணுவிலிருந்து குட்டிக் குடல் போன்ற முப்பரிமாண உருவத்தை வளர்த்தனர். இத்தகைய உருவத்துக்கு ஆர்கனாய்டு என்று பெயர். உறுப்பைப் போன்றது என்பது அதன் பொருள்.

2017இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இம்முறையை உட்படலத்தில் செயல்படுத்தின. ஒன்று கேம்பிரிட்ஜில் மார்கெரிட்டா டுர்கோ குழு. மற்றொன்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் போரெட்டோ, வான்கெலெகோம் முதலியோர் குழு.

செய்முறை சுருக்கமாக இது. மருத்துவமனையில் ஒரு பெண்ணின் ஒப்புதலோடு உட்படலத்திலிருந்து சிறு துண்டு எடுக்கப்படுகிறது. நொதிகளால் அதைக் கரைத்துச் சுரப்பித் துணுக்குகளைப் பிரிக்கின்றனர். அவற்றைக் கூழ் போன்ற ஒரு பொருளின் துளிகளில் வைக்கின்றனர். குளிரில் நீர்மமாகவும் உடல் வெப்பத்தில் உறைந்தும் இருக்கும் அந்தக் கூழ், சுண்டெலியின் ஒரு வகைக் கட்டியிலிருந்து பெறப்படுவது. அதன்மேல் வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊட்டநீர் ஊற்றப்படுகிறது. சில நாள்களில் நடுவில் வெற்றிடம் கொண்ட சிறு உருண்டைகள் தோன்றுகின்றன. அவற்றை உடைத்து மீண்டும் மீண்டும் பல மாதங்கள் வளர்க்கலாம். உறைய வைத்துச் சேமிக்கலாம்.

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்தால் இவ்வுருண்டைகள் உடலிலுள்ள சுரப்பிகளைப் போலவே மாறின. கருவின் தொடக்க வாரங்களில் அதற்கு உணவாகும் கருப்பைப் பால் என்னும் சுரப்பின் புரதங்களையும் சுரந்தன.

அதே ஆண்டில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தெரசா உட்ரஃப் குழுவினர் இவாட்டர் என்ற கருவியை வெளியிட்டனர். ஏவாள் என்ற பெயரையும் அவதாரம் என்ற நம் சொல்லையும் சேர்த்து உண்டான பெயர் இது. சுண்டெலியின் சினைப்பை, மனிதரின் கருக்குழாய், உட்படலம், கருப்பைக் கழுத்து, கல்லீரல் ஆகியவற்றின் திசுக்களைத் தனித்தனி அறைகளில் வைத்து, நுண்குழாய்களால் இணைத்திருந்தனர். 28 நாள் ஹார்மோன் சுழற்சி அதற்குள் நடந்தது.

குறைகளும் அடுத்த படிகளும்

2017இன் ஆர்கனாய்டில் சுரப்பி மட்டுமே உண்டு. இரத்தக்குழாய் இல்லை, நோயெதிர்ப்பு அணுக்கள் இல்லை, சுற்றித் தாங்கும் இணைப்புத்திசு இல்லை. எனவே அதற்கு மாதவிடாய் வராது. இக்குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முயற்சி தொடர்ந்தது.

தோல் போன்ற சாதாரண அணுவைப் பின்னோக்கிக் குருத்தணுவாக மாற்றும் முறையை ஷின்யா யமனாகா 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனித அணுவிலும் செய்து காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். 2018இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் இவ்வகைக் குருத்தணுவிலிருந்து உட்படலத்தின் இணைப்புத்திசு அணுக்களை உருவாக்கினர். 2019இல் லூவன் குழுவினர், எண்டோமெட்ரியோசிஸ் முதல் புற்றுநோய் வரை பல நோய் கொண்ட பெண்களின் திசுவிலிருந்து ஆர்கனாய்டுகளை வளர்த்தனர். 2021இல் பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தார் சுரப்பியையும் இணைப்புத்திசுவையும் ஒன்றாகச் சேர்த்து வளர்த்தனர். அதே ஆண்டின் இறுதியில், குருத்தணுவால் ஆன கருப்போலிகள் உட்படல அணுக்களில் ஒட்டுவதை வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரோன் குழு காட்டியது.

2021இல் வந்த மற்றொரு செய்தி நம் சமூகம் சிந்திக்க வேண்டியது. மாதவிடாய்க் குருதியில் வரும் திசுத் துணுக்குகளிலிருந்தே ஆர்கனாய்டு வளர்க்கலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் காட்டினர். இனிக் கருப்பைக்குள் கருவியைச் செலுத்தித் துண்டு எடுப்பது எப்போதும் தேவைப்படாது. தீட்டு என்று ஒதுக்கியது ஆய்வகத்தில் வலியில்லாமல் கிடைக்கும் மூலப்பொருள் ஆகியிருக்கிறது.

வணிகமும் வரையறையும்

ஆய்வு தவழும் நிலையில் இருந்தபோதே வணிகம் ஓடத் தொடங்கியது. மாதவிடாய்க் குருதியிலுள்ள குருத்தணுவைக் கட்டணம் பெற்றுச் சேமிக்கும் சேவை 2007இல் அமெரிக்காவில் வந்தது. சில ஆண்டுகளில் சென்னையிலும் தொடங்கியது. பிற்காலத்தில் எந்த நோய்க்கும் உதவும் என்பது விளம்பரத்தின் தொனி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவானவை. தொப்புள்கொடி இரத்தம் தவிர வேறு உயிர்ப்பொருள்களை வணிக நோக்கில் சேமிக்க அனுமதி இல்லை. இரத்த நோய்கள் சிலவற்றுக்கான எலும்புமச்சை வகை மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற குருத்தணுச் சிகிச்சைகள் எல்லாம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன என்றும் அவை கூறுகின்றன. உட்படலம் மெலிந்தவர்களுக்குக் குருத்தணு ஊசி போட்டுக் குழந்தை தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் படிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

திருப்பூர்ப் பகுதிக்கு இதனால் என்ன

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், பேக்கிங் வேலைகளிலும், சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் இளம் பெண்கள் ஏராளம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் மாதவிடாய் வலி வந்தால், விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி அறிக்கை வெளியிட்டது. வலி என்று சொன்னபோது பெயரோ காலாவதி நாளோ இல்லாத மாத்திரைகள் வேலையிடத்தில் தரப்பட்டதாக அப்பெண்கள் கூறினர். மருத்துவர்களிடம் காட்டியபோது அவை இபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்கும் மருத்துவ அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்திருந்தது.

மாத்திரை வலியை அடக்கும், காரணத்தைச் சொல்லாது. உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரும் நோய் அது. உறுதியாகக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆவது வழக்கம். மாதாமாதம் மாத்திரை போட்டு மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று யாரும் கேட்காமலே காலம் போய்விடுகிறது. மறுகோடியில், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. திசுவைப் புரிந்துகொள்ளாத இடத்தில் வலியை மறைப்பதும் உறுப்பை வெட்டுவதும் எளிய வழிகளாகிவிடுகின்றன.

ஆர்கனாய்டு உதவக்கூடிய இடம் இதுவே. ஒரு பெண்ணின் திசுவிலிருந்து வளர்த்த உருண்டைகளில் பல மருந்துகளைச் சோதித்து, எது பலன் தரும் என்று ஆராயலாம். பிறப்புறுப்புக் காசநோய் நம் நாட்டில் குழந்தையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம். அது கருக்குழாயையும் உட்படலத்தையும் தழும்பாக்கிவிடுகிறது. தழும்பே இல்லாமல் ஆறும் திசு இந்த நோயில் மட்டும் ஏன் தோற்கிறது என்பதை மாதிரியில் ஆராய முடியும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முதல் ஆர்கனாய்டுகள் பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் வாழும் பெண்களின் திசுவிலிருந்து வந்தவை. நம் பெண்களின் நோயும் உணவும் உழைப்பும் அவற்றில் பதிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வேலையை இங்குள்ள ஆய்வகங்களே செய்ய வேண்டும்.

அதற்கான அடித்தளம் உண்டு. பரேல் நிறுவனத்தில் உட்படல ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குருத்தணு ஆராய்ச்சி மையம் இரத்த நோய்களில் பணிபுரிந்தாலும், குருத்தணு வளர்ப்புக்கான பயிற்சியும் வசதியும் தமிழ்நாட்டில் இருப்பதற்குச் சான்று. உயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் கொங்குப் பகுதி மாணவ மாணவியர்க்கு இது திறந்திருக்கும் துறை.

மோனாஷில் 2004இல் எண்ணப்பட்ட அந்தச் சில அணுக்கள், கருப்பை நீக்க அறுவைக்குப் பின் தம் திசுவை ஆய்வுக்குக் கொடுத்த பெண்களிடமிருந்து வந்தவை. அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் அகற்றப்படும் கருப்பைகள் பரிசோதனை முடிந்ததும் மருத்துவக் கழிவாகின்றன. நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அறநெறிக் குழுவின் இசைவோடும் அவருடைய எழுத்துமூல ஒப்புதலோடும் அதில் ஒரு சிறு துண்டு ஆய்வகத்துக்குச் செல்லும் ஏற்பாடு அமைந்தால், இந்த வரலாற்றின் அடுத்த பகுதி இங்கிருந்தும் எழுதப்படலாம். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும் என்பதற்கோ எந்த ஆய்வகத்தின் கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.